எண்ணூரின் இரண்டு சதவீதம்

எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரியில் கணிசமான பங்கு ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களில் வெட்டப்பட்டு, பாரதீப்பில் கப்பலேறி வருவது. அதை எரித்துத்தான் வட சென்னை அனல் மின் நிலையம் மின்சாரம் எடுக்கிறது. அந்தச் சுரங்கங்களை நடத்தும் மகாநதி கோல்ஃபீல்ட்ஸ், கோல் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனத்தின் துணை நிறுவனம். கோல் இந்தியா 2017-இல் செய்த ஒரு காரியம், அந்த நிலக்கரியின் தூசியைத் தினமும் துடைக்கும் வட சென்னைக்காரர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. தலசீமியா என்ற பிறவி ரத்த நோய் உள்ள குழந்தைகளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்ய, ஒரு குழந்தைக்கு 10 லட்சம் ரூபாய் வரை தன் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து கொடுக்க ஆரம்பித்தது. ‘தலசீமியா பால் சேவா யோஜனா’ என்று அதற்குப் பெயர். மஜ்ஜையே வற்றிப்போகும் ஏப்ளாஸ்டிக் அனீமியாவும் பிறகு அதில் சேர்ந்தது. வேலூர் சி.எம்.சி. உட்பட நாட்டின் சில பெரிய மருத்துவமனைகளில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு இந்தப் பணத்தில் சிகிச்சை நடந்திருக்கிறது. நல்ல திட்டம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 10 லட்சம் கட்டி உள்ளே போகும் குழந்தை உயிரோடு வெளியே வரும் என்று இன்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல முடிகிறதே, அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அதற்கும் யாரோ, எப்போதோ பணம் போட்டிருக்கிறார்கள். அந்தச் செலவைப் பற்றித்தான் நம் ஊரில் பேச்சே இல்லை.

மஜ்ஜை மாற்று என்றதும் பெரிய ஆபரேஷன் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கொடுப்பவரின் இடுப்பெலும்பிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ ரத்த மூல செல்களைப் பிரித்தெடுத்து, நோயாளிக்கு ரத்தம் ஏற்றுவது மாதிரியே ரத்தக் குழாய் வழியாக ஏற்றிவிடுவார்கள். சில மணி நேரத்தில் அந்த வேலை முடிந்துவிடும். ஆபத்து அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. துறையில் நிற்கும் கப்பல் விலகினால்தான் அடுத்த கப்பல் அணைய முடியும்; அதுபோல நோயுற்ற பழைய மஜ்ஜையை அழித்தால்தான் புதியது குடியேறும். அழிப்பதற்குக் கொடுக்கும் கடுமையான மருந்துகள் ஈரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களை அடைத்துவிடக்கூடும்; ஈரல் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, சிலருக்கு உயிரே போகும். அடுத்த இரண்டு மூன்று வாரங்களுக்கு உடம்பில் எதிர்ப்புச் சக்தி என்று ஒன்று இருக்காது. அதையும் தாண்டினால், புதிதாக வந்த வெள்ளணுக்கள் நோயாளியின் உடம்பையே அந்நியமாக எண்ணித் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கும் ஆபத்து காத்திருக்கும். அமெரிக்காவில் டோனல் தாமஸ் 1957-இல் தன் முதல் ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஆறு பேருமே நூறு நாளைத் தாண்டவில்லை. அதே தாமஸுக்கு இதே சிகிச்சைக்காக 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது. இடைப்பட்ட முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளில் நடந்ததெல்லாம் மருந்தளவைக் கூட்டிக் குறைத்து, பொருத்தத்தைச் சோதித்து, தோற்றதை ஒளிக்காமல் எழுதிவைத்த பொறுமையான வேலை. இந்தியாவில் 1983-இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும், 1986-இல் டாக்டர் மாமன் சாண்டியின் முயற்சியில் வேலூர் சி.எம்.சி.யிலும் இந்தச் சிகிச்சை தொடங்கியது.

வேலூரில் அதற்குப் பிறகு நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வாதத்துக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. தலசீமியா குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். ஏற்றும் ஒவ்வொரு பாட்டில் ரத்தத்தோடும் இரும்புச் சத்து சேர்ந்துகொண்டே போகும். அதை வெளியேற்றும் மருந்தை வருடக்கணக்கில் வாங்கிக் கொடுக்க வசதி வேண்டும்; இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இரும்பு ஈரலில் படிந்து, ஈரல் வீங்கி, தழும்பேறிவிடும். இத்தாலியின் பெசாரோ நகரில் மருத்துவர் லூக்காரெல்லி குழு, இத்தகைய குழந்தைகளை ஆபத்தின் அளவை வைத்து மூன்று வகுப்பாகப் பிரித்திருந்தது. உலகமே அந்த அளவுகோலைத்தான் பின்பற்றியது. வேலூருக்கு வந்த பிள்ளைகள் அந்த அளவுகோலுக்குள் அடங்கவில்லை. மூன்றாம் வகுப்பு என்ற ஒரே பெயரின் கீழ் இரண்டு வேறு கூட்டம் இருப்பதை அங்குள்ள மருத்துவர்கள் கவனித்தார்கள்: ஏழு வயதைத் தாண்டி, ஈரலும் விலா எலும்புக்குக் கீழே ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்த பிள்ளைகள்தான் சிகிச்சையின்போது அதிகம் இறந்தார்கள். 2007-இல் டாக்டர் விக்ரம் மேத்யூஸ் குழு இதை எழுதியது. அதற்கு முன்பே, பழைய மஜ்ஜையை அழிக்கக் கொடுக்கும் புசல்ஃபான் என்ற மருந்தை எடைக்கு ஏற்ற ஒரே அளவில் கொடுத்தாலும் ஒவ்வொரு குழந்தையின் ரத்தத்திலும் அது வேறு வேறு அளவில் நிற்கிறது என்பதை டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா உள்ளிட்டோர் அளந்து பார்த்திருந்தார்கள். நச்சை முறிக்கும் ஒரு நொதிக்கான மரபணு இல்லாத பிள்ளைகளுக்கு ஈரல் அடைப்பு கூடுதலாக வருகிறது என்பதை 2004-இல் காட்டினார்கள். பிறகு, பழைய மருந்தை விட்டுவிட்டு ட்ரியோசல்ஃபான் என்ற, ஈரலுக்கு அவ்வளவு கொடுமை செய்யாத மருந்தைக் கொண்ட முறைக்கு மாறினார்கள். 2013-இல் வெளியான அவர்களது கணக்கு இது: மிக அதிக ஆபத்துள்ள பிள்ளைகளிடையே ஈரல் அடைப்பு நூற்றுக்கு 78 என்பதிலிருந்து 30 ஆகக் குறைந்தது, சிகிச்சையாலேயே ஏற்படும் சாவு 46-இலிருந்து 13 ஆகக் குறைந்தது.

இந்த ஆய்வைத் தூக்கிவைத்துப் பேசும்போதே அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து நடத்திய சோதனை அல்ல அது; புது முறையில் சிகிச்சை பெற்றவர்களைப் பழைய முறையில் பெற்றவர்களோடு ஒப்பிட்டது. நூறு சதவீதம் அறுதியிட்டுச் சொல்ல அது போதாது. ஆனாலும் 46-க்கும் 13-க்கும் நடுவே இருப்பது சின்ன வித்தியாசமில்லை. அதைச் சாதித்தது கூடுதல் கட்டடமோ, புது ஸ்கேன் இயந்திரமோ இல்லை. யார் சாகிறார்கள், ஏன் சாகிறார்கள் என்று வருடக்கணக்கில் எழுதிவைத்த நோட்டும், ரத்தத்தில் மருந்தை அளந்த ஆய்வகமும், வீடு திரும்பிய பிள்ளையைத் தேடிப் பிடித்து மறுபடி பரிசோதித்த ஆட்களும்தான். மருத்துவ ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும் என்று கேட்டால் அந்தப் பணம் பெரும்பாலும் இப்படித்தான் செலவாகும்: ஆராய்ச்சி செவிலியருக்குச் சம்பளம், விவரம் பதிவு செய்பவருக்குச் சம்பளம், மருந்தளவு பார்க்கும் ரசாயனம், நோயாளிக்கு வந்துபோகும் ரயில் செலவு, ஏதாவது ஆகிவிட்டால் இழப்பீடு தரக் காப்பீடு. திறந்துவைக்கவும் ரிப்பன் வெட்டவும் அதில் ஒன்றும் கிடையாது. நம் நன்கொடையாளர்களுக்கு அது பிடிக்காமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கத் தோன்றுகிறது.

ஆராய்ச்சிக்கு மருந்துக் கம்பெனிகள் செலவு செய்யாதா என்று கேட்கலாம். செய்யும், லாபம் இருக்கும் இடத்தில். சைக்ளோஃபாஸ்பமைட் என்ற மருந்து 1959-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. காப்புரிமை எப்போதோ முடிந்துபோய், இந்தியாவில் மலிவாகக் கிடைக்கிறது. மஜ்ஜை ஏற்றிய மூன்றாம், நான்காம் நாட்களில் இதைக் கொடுத்தால், நோயாளியின் உடம்பைத் தாக்கத் தயாராகி வேகமாகப் பெருகிவரும் வெள்ளணுக்கள் மட்டும் பெருமளவு சாகின்றன. இந்த மருந்தைச் செயலிழக்கச் செய்யும் நொதி ரத்த மூல செல்களுக்குள் நிறைய இருப்பதால் அவை தப்பிவிடுகின்றன. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எலிகளிடம் தொடங்கிய இந்த யோசனை, பாதிப் பொருத்தமே உள்ள தாயோ தகப்பனோ பிள்ளைக்கு மஜ்ஜை கொடுக்கலாம் என்ற நிலைக்கு வழி திறந்தது. உடன்பிறந்தவர் ஒருவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான் உண்டு. ஒரே பிள்ளையோடு நிறுத்திக்கொள்ளும் இன்றைய குடும்பங்களில் அதுவும் கிடையாது. எனவே இந்த மாற்றத்தின் பலன் என்னவென்று சொல்லத் தேவையில்லை. சென்னையில் டாக்டர் ரேவதி ராஜ் தலைமையிலான குழந்தைகள் ரத்தநோய்க் குழு இந்த முறையில் சிகிச்சை செய்து அனுபவத்தைக் கட்டுரைகளாகவும் வெளியிட்டிருக்கிறது. பிறகு அமெரிக்காவில் ரத்தப் புற்று உள்ள 431 பெரியவர்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது; முடிவு 2023-இல் வந்தது. நோய் திரும்பாமலும் கடும் தாக்குதல் இல்லாமலும் ஓராண்டைக் கடந்தவர்கள், வழக்கமான மருந்து பெற்றவர்களில் 34.9 சதவீதம், இந்தப் பழைய மருந்தோடு சிகிச்சை பெற்றவர்களில் 52.7 சதவீதம். விற்றால் காசு வராத மருந்து என்பதால் எந்தக் கம்பெனியும் இதை முன்னின்று நடத்தியிருக்காது. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் தந்த நிதிதான் அந்தச் சோதனைக்கு முதுகெலும்பு. மலிவான மருந்தை நிரூபிக்கப் பொதுப் பணம்தான் வர வேண்டும். வேறு யாரும் வர மாட்டார்கள்.

சரி, அமெரிக்கா செலவு செய்து கண்டுபிடிக்கட்டும், நாம் எடுத்துக்கொள்வோம், நமக்கேன் இந்த வேலை என்பது கெட்டிக்காரத்தனமான கேள்வி. பாதி அளவுக்கு அது உண்மையும்கூட. ட்ரியோசல்ஃபானையே ஐரோப்பியர்கள் வேலூருக்கு முன்பு பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் ஏழு வயது தாண்டி ஈரல் வீங்கிவந்த பிள்ளைகள் ஐரோப்பாவில் அத்தனை பேர் இல்லை. அவர்களுக்காக யோசிக்க வேண்டிய அவசியம் அங்கே யாருக்கும் வரவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அந்த மருந்துக்கு அனுமதி கொடுத்தது 2025 ஜனவரியில். வேலூர் தன் கணக்கை வெளியிட்டுப் பன்னிரண்டு வருடம் கழித்து. காத்திருந்திருந்தால் அத்தனை வருடப் பிள்ளைகளின் கதி என்ன? கிருமியிலும் இதே கதைதான். கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பாபெனம் வகை மருந்துகளையே முறிக்கும் என்.டி.எம்-1 நொதியைப் பற்றி 2010-இல் லான்செட் குழும இதழில் வந்த பெரிய ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் எடுத்த மாதிரிகளும் அதில் அடக்கம். வெள்ளணுவே இல்லாமல் படுத்திருக்கும் நோயாளிக்கு நம் ஊர் மருத்துவமனையில் காய்ச்சல் வந்தால் எந்த மருந்தை முதலில் கொடுப்பது என்பதை பாஸ்டனிலோ சியாட்டிலிலோ இருக்கும் புள்ளிவிவரம் சொல்லாது. நம் வார்டில்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சென்னைக்கு இது புது வேலையும் இல்லை. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிமருத்துவ மையம், சேரிகளிலும் நெருக்கடியான வீடுகளிலும் வாழ்ந்த காசநோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்தில் வைத்தும் மறுபாதியை வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து நடத்திய காரியம். வீட்டில் இருந்து மருந்து சாப்பிட்டாலும் ஏறக்குறைய அதே பலன்தான், வீட்டாருக்குத் தொற்றும் ஆபத்தும் கூடவில்லை என்ற 1959-ஆம் ஆண்டு முடிவு உலகமெங்கும் சானடோரியங்களை மூடவைத்தது. ஏழை ஊரின் ஏழை நோயாளிகளை வைத்துக் கேட்ட ஒரு கேள்வி, உலகத்து ஏழைகளுக்கெல்லாம் செலவைக் குறைத்தது. அந்த மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. இன்று சிகிச்சைக்குப் பணமில்லாமல் ஒரு தாய் ஸ்டான்லி அரசு மருத்துவமனை வாசலில் நிற்கும்போது, பத்து வருடம் கழித்து வரப்போகும் பலனுக்காகச் செலவழிப்பது நியாயமா? வட சென்னைக்கு இந்தக் கேள்வியின் கனம் நன்றாகவே தெரியும். ஸ்டான்லியைப் பழையவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 1782 பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரத்தில் ஊற்றிய கஞ்சியிலிருந்து வளர்ந்தது அது. ராயபுரத்தின் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி ராஜா சர் இராமசாமி முதலியாரின் கொடைப் பெயரைத் தாங்கி நிற்கிறது. பசித்தவனுக்கு முதலில் சோறு என்ற அந்த மரபை யாரும் தள்ள முடியாது. ஆனால் சிகிச்சைச் செலவை ஏற்க இன்று வேறு வழிகள் உருவாகியிருக்கின்றன. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி இப்போது முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக நடப்பதில், மஜ்ஜை மாற்று போன்ற பெருஞ்செலவுச் சிகிச்சைகளுக்கென்று தனித் தொகுப்பு நிதியே உண்டு. அது போதவில்லை என்றால் கூட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆராய்ச்சிக்கோ மாநிலத்தில் அந்த அளவுக்குப் பெரிய வாசல் இருப்பதாகத் தெரியவில்லை. மேலும், சிகிச்சைக்கும் ஆராய்ச்சிக்கும் நடுவே நாம் போடும் கோடே சந்தேகத்துக்குரியது. 46 சதவீதம் சாவு நேரும் சிகிச்சைக்கு நூறு பேருக்குப் பணம் கட்டுவதைவிட, 13 சதவீதம் சாவு நேரும் சிகிச்சைக்கு எண்பது பேருக்குப் பணம் கட்டினால் பிழைப்பவர்கள் அதிகம். பள்ளிக்கூடக் கணக்குத்தான்: ஐம்பத்து நான்கு எங்கே, ஏறக்குறைய எழுபது எங்கே.

ஏழைகளைச் சோதனை எலி ஆக்குவார்கள் என்ற பயத்தை அலட்சியம் செய்யக் கூடாது. இந்தியாவில் அதற்குக் காரணம் இருந்திருக்கிறது. 2010-இல் ஆந்திராவிலும் குஜராத்திலும் பெண் பிள்ளைகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்ட ஆய்வு, பெற்றோரின் சம்மதம் ஒழுங்காகப் பெறப்படவில்லை என்ற புகாரில் நிறுத்தப்பட்டது. அந்தச் சர்ச்சைக்கும் நீதிமன்ற வழக்குகளுக்கும் பிறகு விதிகள் இறுகின. சோதனைகளை இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்வது 2009 ஜூனிலிருந்தே கட்டாயம். 2019-இன் புது விதிகளின்படியும் நெறிமுறைக் குழுவும் இழப்பீடும் கட்டாயம். விதி இருந்தால் மட்டும் போதாது, கண்காணிப்பு வேண்டும் என்பதும் சரிதான். ஆனால் கண்காணிப்புக்கும் ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். நிதியில்லாத ஆராய்ச்சியில்தான் முதலில் வெட்டு விழுவது சம்மதம் வாங்கும் நேரத்திலும் பின்தொடரும் வேலையிலும். இன்னொன்று: எழுதிவைக்காமல், பதிவு செய்யாமல், ஒவ்வொரு மருத்துவரும் தனக்குத் தோன்றிய அளவில் மருந்து கொடுப்பதும் ஒரு சோதனைதான். அதன் முடிவு யாருக்கும் கிடைப்பதில்லை, அவ்வளவே வித்தியாசம்.

இனி எண்ணூர்ப் பக்கம் வருவோம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சொத்தோ விற்றுமுதலோ லாபமோ உள்ள நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சொல்கிறது. மணலியில் சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் அசோக் லேலண்ட், கோரமண்டல், காமராஜர் துறைமுகம், திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப். என்று சட்டத்தின் வரம்புக்குள் வரும் பெரிய பெயர்கள் இந்தப் பட்டையில் வரிசையாக இருக்கின்றன. வகுப்பறை, கழிப்பறை, மருத்துவ முகாம், தையல் மெஷின் என்ற வழக்கமான பட்டியலைத் தாண்டவும் சட்டம் இடம் தருகிறது: 2019-இலும் 2020-இலும் செய்த திருத்தங்களின்படி அரசு நிதியில் இயங்கும் பல்கலைக்கழகங்களுக்கும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உயிரித் தொழில்நுட்பத் துறை போன்றவற்றின் கீழுள்ள ஆய்வு நிறுவனங்களுக்கும் இந்தப் பணத்தைக் கொடுக்கலாம். உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் வேலூரில் இயங்கும் மூல செல் ஆய்வு மையம் எதைச் சாதிக்க முடியும் என்பதை 2024 டிசம்பரில் உலகம் பார்த்தது: ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோய் உள்ள ஐந்து பேருக்கு அவர்களுடைய ரத்த மூல செல்களிலேயே மரபணுவைச் சேர்த்து ஏற்றியதில், அதன்பின் ஐவருக்கும் ரத்தக்கசிவு நேரவில்லை. ஐந்து பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். மஜ்ஜையைத் தயார்படுத்த அங்கேயும் ட்ரியோசல்ஃபான்தான் கைகொடுத்தது.

எண்ணூர்க்காரர்கள் இங்கே குறுக்கிடுவார்கள், நியாயமாகவே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தை நாறடித்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். முதலில் காற்றையும் ஆற்றையும் சரிசெய்யட்டும், ரத்த நோய் ஆராய்ச்சிக்குக் கொடுத்துப் பேர் வாங்க வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் மறுக்க முடியாது. ஆனால் மாசைத் துடைப்பது சமூகப் பொறுப்பு நிதியின் வேலையே அல்ல. அது சட்டக் கடமை. தொழிலின் செலவுக் கணக்கிலிருந்து வர வேண்டியது. இரண்டையும் ஒரே உண்டியலில் போட்டால் கடமைக்கே நன்கொடைப் பெயர் வந்துவிடும். இந்தப் பட்டையின் ஆலைகளையும் இங்குள்ள நோயாளிகளையும் முடிச்சுப்போட்டுக் குற்றம் சாட்டுவது இங்கே நோக்கமல்ல. ஆனால் கச்சா எண்ணெயிலும் பெட்ரோலிலும் இருக்கும் பென்சீன் மஜ்ஜையைக் கெடுத்து ரத்தப் புற்றை உண்டாக்கும் என்பது உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்த சங்கதி. 1970-களில் இஸ்தான்புல் செருப்புத் தொழிலாளிகளிடம் மருத்துவர் அக்சோய் அதைக் கண்ணெதிரே காட்டினார். எண்ணெயும் ரசாயனமும் கையாளும் தொழில், ரத்த நோய் ஆராய்ச்சி தனக்கு அந்நியமான விஷயம் என்று சொல்லித் தப்ப முடியாது.

ஒரு நிபந்தனை அவசியம். பணம் கொடுக்கும் கம்பெனி கேள்வியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, முடிவைத் தொடக் கூடாது. பல நிறுவனங்களின் பங்கு ஒரே நிதியில் சேர்ந்து, எந்த ஆய்வுக்குத் தருவது என்பதை வெளி மருத்துவர்களும் புள்ளியியல் நிபுணர்களும் முடிவு செய்து, சாதகமோ பாதகமோ எல்லா முடிவும் அச்சேற வேண்டும். சமூகப் பொறுப்புத் தொகையில் பத்தில் ஒரு பங்கு என்று தொடங்கினாலே போதும். தையல் மெஷின் கொடுப்பது நின்றுவிடாது. வண்ணாரப்பேட்டை, காசிமேட்டு நோயாளி வேலூருக்குப் போய் வரும் ரயில் செலவும், ஸ்டான்லியிலேயே அவரைப் பின்தொடர்ந்து ரத்தம் பார்த்து விவரம் அனுப்பும் ஒரு செவிலியரும் அந்த நிதியின் முதல் செலவாக இருக்கலாம்.

நிறுவனங்கள் சமூகப் பொறுப்புச் செலவை ஆண்டறிக்கையில் அச்சிட்டாக வேண்டும். இணையதளத்திலும் அது கிடைக்கும். எண்ணூர், மணலி, திருவொற்றியூர் ஆலைகளில் உங்கள் வீட்டில் ஒருவருக்கு வேலை இருந்தாலோ, நாலு பங்கு உங்கள் பெயரில் இருந்தாலோ, அந்தப் பக்கத்தை எடுத்துப் படியுங்கள். மருத்துவ ஆராய்ச்சிக்கு எவ்வளவு என்ற வரி அதில் இல்லையென்றால், தொழிற்சங்கக் கூட்டத்திலும் பங்குதாரர் பொதுக்கூட்டத்திலும் எழுந்து, ஏன் இல்லை என்று கேளுங்கள்.